கல்லில் எந்த ஸ்பெயின்? – அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஸ்பெயினின் இன்றைய கல் சிற்பங்களைப் பற்றிப் பேச்செடுத்தால் நண்பர்கள் திரும்பத் திரும்பக் கேட்கும் கேள்விகள் சில உண்டு. அவற்றை ஒரே இடத்தில் எழுதி வைக்கலாம் என்று தோன்றியது. எல்லாப் பதிலும் ஒரே நீளத்தில் இருக்காது. எனக்குப் பிடித்த இடங்களில் கொஞ்சம் அதிகமாகவே நின்றிருக்கிறேன்.

ஸ்பானிய அடையாளம் என்றால் காளையும் ஃபிளமெங்கோவும்தானே? அதைத்தான் கல்லில் செதுக்குகிறார்களா?

காளை உண்டு, ஆனால் அது மிகப் பழைய காளை. ஆவிலா மாகாணத்தில் எல் தியெம்ப்லோ என்ற ஊருக்குப் பக்கத்தில் ‘கிசாந்தோ காளைகள்’ என்று நான்கு கிரானைட் உருவங்கள் வரிசையாக நிற்கின்றன. ரோமானியர் வருவதற்கு முன்பே அந்தப் பகுதியில் வாழ்ந்த வெத்தோன் இனக்குழுவினர் செதுக்கியவை. பின்னால் ஸ்பெயினை ஆண்ட இசபெல், கஸ்தீல் அரியணைக்கு வாரிசாக 1468-இல் ஏற்கப்பட்டது இந்தக் காளைகள் நிற்கும் இடத்தில்தான்.

இன்றைய கல் சிற்பிகளில் பேர் பெற்றவர்கள் காளையையோ நடனக்காரியையோ செதுக்குவது அரிது. அவையெல்லாம் சுற்றுலாக் கடை பொம்மைகளுக்குப் போய்விட்டன. நல்ல சிற்பி ஒருவரின் வேலைக்கு முன்னால் நின்றால் ‘இது ஸ்பெயின்’ என்பதைவிட ‘இது பாஸ்க்’, ‘இது கலீசியா’, ‘இது கத்தலோனியா’ என்றுதான் முதலில் தோன்றும். மூன்றும் ஸ்பெயினுக்குள் தனி மொழி வைத்திருக்கும் பகுதிகள். மொழிக்கு மொழி கல்லும் மாறுகிறது. அதனால் ‘ஸ்பானிய அடையாளம்’ என்று ஒருமையில் கேட்டாலே எனக்குக் கொஞ்சம் உறுத்தும்.

ஒரே ஸ்பெயின் என்பதைக் கல்லில் காட்ட யாருமே முயலவில்லையா?

முயன்றார்கள். மாட்ரிடுக்கு வடமேற்கே குவாதர்ராமா மலைத்தொடரில் அந்த முயற்சி இன்னும் நிற்கிறது. உள்நாட்டுப் போரில் (1936–39) வென்று சர்வாதிகாரியான ஃபிராங்கோ 1940-இல் தொடங்கி 1959-இல் திறந்து வைத்த நினைவிடம் அது. நீண்ட காலம் ‘வீழ்ந்தோர் பள்ளத்தாக்கு’ என்று பெயர். இப்போது பழைய இடப்பெயரான குவெல்காமூரோஸ் என்பதே சட்டப்படியான பெயர். கிரானைட் மலையைக் குடைந்து உள்ளே தேவாலயம், மேலே 150 மீட்டர் உயரச் சிலுவை. வேலையாட்களில் அரசியல் கைதிகளும் இருந்தார்கள். போரில் இறந்த 33,000-க்கும் மேற்பட்டோரின் எலும்புகள் உள்ளே இருக்கின்றன. தோற்ற தரப்பினர் பலரை அவர்கள் வீட்டாருக்குச் சொல்லாமலே கொண்டுவந்து வைத்தார்கள்.

சிலுவையின் அடியில் இருக்கும் பிரம்மாண்டமான நற்செய்தியாளர் (பைபிளின் நற்செய்தி நூல்களை எழுதியவர்கள்) உருவங்களைச் செய்தவர் ஹுவான் தே ஆவலோஸ். கலாதொராவ் என்ற அரகோன் ஊரின் கருநிறச் சுண்ணாம்புக்கல். சிற்பி கைத்திறன் இல்லாதவர் அல்ல; உடல்களில் நல்ல வலு இருக்கிறது. ஆனால் அந்த அளவு பார்ப்பவரைச் சின்னவராக்கத்தான் இருக்கிறது என்பது என் எண்ணம். மலைக்காற்றிலும் உறைபனியிலும் அந்தக் கல் சீக்கிரமே விரிசல் விட ஆரம்பித்தது வேறு கதை. ஃபிராங்கோவின் உடலை 2019 அக்டோபரில் அங்கிருந்து எடுத்துவிட்டார்கள். சிலுவையையும் சிற்பங்களையும் என்ன செய்வது என்ற வாதம் மட்டும் ஓய்ந்தபாடில்லை.

அப்படியானால் மறுபக்கம் எங்கிருந்து தொடங்குகிறது?

என்னைக் கேட்டால் அரான்சாசுவிலிருந்து. பாஸ்க் நாட்டில், கிபுஸ்கோவா மாகாணத்து மலைகளுக்கு நடுவே இருக்கும் மாதா கோயில் அது. முள்செடி மேல் மாதாவின் சிலையைக் கண்ட இடையன் ஒருவன் ‘முள்ளிலா நீ?’ என்று கேட்டானாம். பாஸ்க் மொழியில் அந்தக் கேள்விதான் ஊர்ப்பெயரானது என்பார்கள். 1950-இல் அங்கே புதுக் கோயில் கட்டத் தீர்மானித்தபோது கட்டடக் கலைஞர்கள் சாயென்ஸ் தே ஒய்சாவும் லவோர்காவும் கோபுரக் கற்களை முள் முனைபோலக் கூராக்கி அடுக்கினார்கள். முகப்புச் சிற்பம் பாஸ்க் சிற்பி ஹோர்ஹே ஒதெய்சாவின் பொறுப்பு.

ஒதெய்சா செதுக்கியது இயேசுவின் சீடர்களான அப்போஸ்தலர்களின் வரிசை ஒன்று. ஆட்களின் உடம்பு முன்பக்கம் திறந்து கிடக்கிறது. வயிறு, மார்பு எல்லாம் குடைந்து எடுத்த குழி. பலியிட்ட ஆட்டைப் பிளந்ததுபோல என்று சிலருக்குத் தோன்றும். மற்றவருக்காகத் தன்னை முழுக்கக் கொடுத்து வெறுமையானவர்கள் என்று படிப்பவர்களும் உண்டு. ரோமின் திருச்சபைக் கலைக் குழு 1955-இல் இதை நிறுத்திவிட்டது. பாதி வேலை முடிந்த கற்கள் பல வருடங்கள் சாலையோரம் படுத்துக் கிடந்தன. மழை, பனி, பாசி.

1968-இல்தான் மறுபடி அனுமதி. அடுத்த ஆண்டு கற்கள் மேலே ஏறின. அதே 1968 அக்டோபரில், அதே அரான்சாசுவில் பாஸ்க் மொழிக் கழகம் கூடி, சிதறிக் கிடந்த வட்டார வழக்குகளுக்கெல்லாம் பொதுவான ஓர் எழுத்துமொழிக்கு அடித்தளம் போட்டது. ஃபிராங்கோ ஆட்சியில் பொது இடத்தில் ஒடுக்கப்பட்டிருந்த மொழி அது. ஒரே மலையில் அடுத்தடுத்து மொழியும் எழுந்தது, கல்லும் எழுந்தது. இதைத் தெரிந்துகொண்டு அந்த முகப்பைப் பார்த்தால் அது வெறும் கோயில் சிற்பமாகத் தெரியாது.

அப்போஸ்தலர்கள் பன்னிரண்டு பேர்தானே? அங்கே 14 உருவங்கள் ஏன்?

எண்ணிப் பார்த்தவர்கள் எல்லோரும் கேட்பது! அதற்கு மேல் இடம் கொள்ளவில்லை என்று ஒதெய்சா சொன்னதாக ஒரு பேச்சு உண்டு. இன்னொரு விளக்கம் எனக்குப் பிடித்தது. ஒதெய்சா பிறந்த ஓரியோ, படகுப் போட்டிக்குப் பேர்போன கடலோர ஊர். அந்தப் பந்தயப் படகில் துடுப்பு போடுபவர்கள் 13 பேர், சுக்கான் பிடிப்பவர் ஒருவர். மொத்தம் 14. சிற்பி மனத்தில் அது இருந்ததா என்பது வேறு. பாஸ்க் மக்கள் அந்த வரிசையில் தங்கள் படகுக் குழுவைப் பார்க்கிறார்கள்.

கல்லில் ஏன் ஓட்டை போடுகிறார்கள்? பாஸ்க் சிற்பங்களில் எங்கே பார்த்தாலும் வெற்றிடம்தானே இருக்கிறது?

பிரான்ஸ் எல்லையிலுள்ள பிரெனே மலைச்சரிவுகளில் சின்னச் சின்னக் கல்வட்டங்கள் நிறைய உண்டு. பாஸ்க் மொழியில் ‘ஹர்ரெஸ்பில்’. ஹர்ரி என்றால் கல். கல்வளையம் என்று பொருள். நாலைந்து மீட்டர் விட்டம், முழங்கால் உயரக் கற்கள், நடுவில் ஒன்றுமில்லை. தொல்லியலாளர்களுக்கு இவை இரும்புக் காலத்து ஈமச் சின்னங்கள். எரித்த சாம்பலைப் புதைத்த இடங்கள். ஒதெய்சா வேறு மாதிரி பார்த்தார். நடுவில் இருக்கும் அந்தக் காலி இடம்தான் முதல் பாஸ்க் சிற்பம் என்றார். உலகத்தின் இரைச்சலிலிருந்து ஒதுங்கி நிற்க மனிதன் தனக்கென வேலி போட்டுக்கொண்ட வெறுமை. 1963-இல் இதை ஒரு புத்தகமாகவே எழுதினார். ஒரு தலைமுறை பாஸ்க் இளைஞர்கள் அதைத் தலையில் வைத்துக் கொண்டாடினார்கள்.

ஆய்வு என்று பார்த்தால் அந்த வாதம் நிற்காது. ஆனால் ஒரு சிற்பிக்கு அது போதுமானதாக இருந்தது. 1957-இல் பிரேசிலின் சாவ் பாவ்லோ பியனாலே கலைக் கண்காட்சியில் சிற்பத்துக்கான பெரிய பரிசை வாங்கிய ஒதெய்சா, இரண்டே வருடத்தில் ‘இனி சிற்பம் செய்யப்போவதில்லை, சோதனை முடிந்தது’ என்று அறிவித்துவிட்டார். உருவத்தைக் குறைத்துக் குறைத்துக் கடைசியில் வெறுமைக்கே வந்துசேர்ந்துவிட்டதாக அவர் கணக்கு. எத்தனை கலைஞர்களுக்கு இந்தத் துணிச்சல் வரும்! (அரான்சாசு வேலை மட்டும் பழைய பாக்கி என்று முடித்துக் கொடுத்தார்.)

அந்த எண்ணத்தை ஒரே பார்வையில் புரிந்துகொள்ள வேண்டுமானால் நவார்ராவில் அகிஞா என்ற மலைமேட்டுக்குப் போங்கள். பாஸ்க் நாட்டுப்பாடல்களைத் தொகுத்த கப்புச்சின் துறவி அய்தா தொனோஸ்தியாவின் நினைவாக ஒதெய்சா அங்கே கறுப்பு நிற நடுகல் ஒன்றை வைத்தார். சதுரக் கல், அதன் முகத்தில் வட்டமாக ஒரு குழிவு. சுற்றிலும் பழைய கல்வட்டங்கள்.

சில்லிடா இரும்புச் சிற்பி அல்லவா? கல் பற்றிய பேச்சில் அவர் ஏன் வருகிறார்?

எட்வார்டோ சில்லிடாவை உலகம் அறிந்தது இரும்பால்தான். சான் செபாஸ்தியான் கடற்கரைப் பாறையில் காற்றைச் சீவிக்கொண்டு நிற்கும் ‘காற்றின் சீப்பு’ 1977-இல் முடிந்தது, எஃகு. ஆனால் இளம் வயதில், 1948-இல் பாரிசுக்குப் போனபோது கிரேக்கச் சிலைகளைப் பார்த்து வெள்ளை ஜிப்சத்தில்தான் ஆரம்பித்தார். மனசு ஒட்டவில்லை. மத்தியதரைக் கடலின் வெள்ளை வெளிச்சம் தன்னுடையது அல்ல, தன் ஊர் அத்லாந்திக் பக்கத்து இருண்ட வெளிச்சம் என்று உணர்ந்து 1951-இல் சான் செபாஸ்தியானுக்குப் பக்கத்து எர்னானிக்குத் திரும்பி, கொல்லன் உலையில் இரும்பைப் பிடித்தார். (அதற்கும் முன்னால் ரியால் சொசியேதாத் கால்பந்து அணியின் கோல்கீப்பர், முழங்கால் போய்விட்டதால்தான் நமக்குச் சிற்பி கிடைத்தார்.)

1960-களில் கிரேக்கம் போய் வந்த பிறகு மறுபடி வெளிச்சத்தோடு சமாதானம். 1965-இல் முதல் அலபாஸ்டர் சிற்பம். அலபாஸ்டர் மென்மையான, ஒளி ஊடுருவும் கல். அரகோனில் எப்ரோ ஆற்றுப் படுகையில் ஏராளம். பழைய தேவாலயங்களில் கண்ணாடிக்குப் பதில் அதை மெல்லிய தகடாக வைத்ததும் உண்டு. சில்லிடா அதை வெளியே கரடுமுரடாகவே விட்டுவிட்டு உள்ளே சதுரச் சதுரமான அறைகளைக் குடைந்தார். சிற்பத்துக்குள் ஒரு வீடு இருப்பதுபோல இருக்கும். வெளிச்சம் சுவர் வழியாகக் கசியும். பெரிய கிரானைட் பாறைகளிலும் அதையே செய்தார். அந்த வரிசைக்கு வைத்த பெயர் ‘ஆழமானது காற்றே’. கவிஞர் ஹோர்ஹே கியேனின் வரி அது.

திந்தாயா மலை விவகாரம் என்ன?

சில்லிடாவின் நிறைவேறாத கனவு. கனேரித் தீவுகளில் ஒன்றான புவெர்த்தேவெந்துராவில் திந்தாயா என்று ஒரு மலை, ஏறத்தாழ 400 மீட்டர் உயரம். அதன் வயிற்றுக்குள் சுமார் 50 மீட்டருக்கு ஒரு கனசதுர வெற்றிடம் குடைய வேண்டும். மேலே இரண்டு துளைகள். ஒன்றில் சூரிய ஒளி, இன்னொன்றில் நிலவொளி. பக்கவாட்டில் ஒரு நீண்ட வழி, அதில் கடலின் தொடுவானம் தெரியும். எந்த நிறத்தவரும் எந்த இனத்தவரும் உள்ளே போனால் தாங்கள் சிறியவர்கள், சமமானவர்கள் என்று உணர வேண்டும் என்பது அவர் ஆசை.

ஆனால் அந்த மலைக்கு ஏற்கெனவே சொந்தக்காரர்கள் இருந்தார்கள். ஸ்பானியர் வருவதற்கு முன் தீவில் வாழ்ந்த ‘மாஹோ’ மக்கள் மலை உச்சியில் 200-க்கும் மேற்பட்ட பாதச் சுவடுகளைப் பாறையில் கொத்தி வைத்திருக்கிறார்கள். அவர்களுக்கு அது புனித மலை. சூழலியலாளர்களும் உள்ளூர் மக்களும் எதிர்த்தார்கள். கல்குவாரிக்காரர்கள் எப்படியும் மலையைத் தின்றுகொண்டிருக்கிறார்கள், கலையாவது அதைக் காப்பாற்றட்டும் என்று ஆதரவாளர்கள் வாதாடினார்கள். சில்லிடா 2002-இல் இறந்தார், மலை குடையப்படவில்லை.

எனக்கு சில்லிடா மேல் பெரிய மரியாதை. ஆனாலும் குடையாமல் விட்டதே நல்லது என்று நினைக்கிறேன். ஒரு மக்களின் அடையாளத்தைப் பேசிய கலைஞர் இன்னொரு மக்களின் அடையாளத்துக்குள் துளை போட வேண்டிய கட்டாயம் இல்லை. இதற்கு எதிர்ப்பாகப் பேசும் நண்பர்கள் எனக்கு உண்டு, சண்டை முடியாது.

ஒதெய்சாவுக்கும் சில்லிடாவுக்கும் ஆகாதாமே?

ஆகாது. தன் எண்ணங்களைச் சில்லிடா எடுத்துக்கொண்டார் என்று ஒதெய்சா பல்லாண்டுகள் வெளிப்படையாகவே திட்டினார். 1997-இல், சில்லிடாவின் சபலாகா பண்ணைவீட்டில் இருவரும் கட்டித் தழுவிக்கொண்டார்கள். பாஸ்க் பத்திரிகைகளுக்கு அது பெரிய செய்தி. ஒருவர் 2002-இல் போனார், மற்றவர் 2003-இல்.

கலீசியாவில் என்ன விசேஷம்?

கிரானைட்! நம் பழக்கத்தில் ‘கருங்கல்’ என்று எழுதினால் நிறம் பொய்யாகிவிடும். அங்கே பெரும்பாலும் சாம்பல் நிறம், பொர்ரீஞோ குவாரிகளில் இளஞ்சிவப்பு. வீடு, வேலி, தானியக் களஞ்சியம், முச்சந்திச் சிலுவை எல்லாமே அந்தக் கல்தான். சந்தியாகோ தேவாலயத்தில் 1188 என்று ஆண்டு பொறித்த ‘மகிமையின் வாயில்’ அந்த மண்ணின் கல்வேலைக்கு உச்சம்.

கலீசியக் கல்தச்சர்கள் வேலை தேடி ஸ்பெயின் முழுக்க நடந்தவர்கள். தங்களுக்குள் பேச ஒரு ரகசிய மொழி வைத்திருந்தார்கள். முதலாளி பக்கத்தில் நின்றாலும் கூலியைப் பற்றிப் பேசலாம். அதில் கல்தச்சனுக்கு ‘அர்ஷீனா’ என்று பெயர். இந்தச் சொல்லே பாஸ்க் மொழியின் ‘ஹர்கின்’, அதாவது கல்லைச் செய்பவன் என்பதிலிருந்து வந்தது என்கிறார்கள். தீபகற்பத்தின் இரண்டு ஒடுக்கப்பட்ட மொழிகள் ஒரு கல்லுடைக்கும் களத்தில் சந்தித்துக்கொண்டது எனக்கு எந்தக் கலை வரலாற்றையும்விட சுவையான செய்தி. பொந்தேவெத்ராவுக்குப் பக்கத்தில் போயோ என்ற ஊரில் இன்றும் கல்தச்சர் பள்ளி நடக்கிறது.

இந்த மரபிலிருந்து வந்தவர்களில் மானோலோ பாஸைச் சொல்ல வேண்டும். 1957-இல் கம்பாதோஸ் பக்கம் பிறந்தவர். லா கொருஞாவில் ரோமானியர் காலத்து ஹெர்குலிஸ் கலங்கரை விளக்கத்துக்கு அருகே, கடலைப் பார்த்த புல்வெளியில் 1994-இல் நெடுங்கற்களின் குடும்பம் ஒன்றை நட்டார். ஒவ்வொரு கல்லிலும் ஜன்னல்போலச் சதுர ஓட்டை; அதன் வழியாக வானமும் அத்லாந்திக்கும் தெரியும். கலீசியாவில் பெருங்கற்காலக் கற்களுக்குப் பஞ்சமில்லை. அவற்றுக்குப் புதிய உறவினர்கள் மாதிரி நிற்கின்றன. அந்த வெளிக்கு இன்னொரு நினைவும் உண்டு. உள்நாட்டுப் போர்க் காலத்தில் ஆட்களை நிறுத்திச் சுட்ட இடம் அது. குவெல்காமூரோஸுக்கு நேர் எதிர் என்று எனக்குப் படுவது இதுதான்: அங்கே கல் உங்களை நிமிர்ந்து பார்க்க வைக்கிறது, இங்கே கல்லின் வழியாகப் பார்க்க வைக்கிறது.

பொந்தேவெத்ரா நகரத்தின் ஆற்றுத்தீவில் 1999-இல் ‘சிற்பங்களின் தீவு’ அமைத்தார்கள். 12 கலைஞர்கள், பலர் வெளிநாட்டவர். பொதுவான பொருள் கிரானைட். அமெரிக்கரான ராபர்ட் மோரிஸ் அங்கே செய்த சுழல்பாதை, பக்கத்து மொகோர் பாறையில் பழங்காலத்தவர் கொத்திய சுழல்பாதையிலிருந்து எடுத்தது.

வெளிநாட்டவர் செதுக்கினால் அது அந்த ஊர் அடையாளம் ஆகுமா?

பார்சிலோனாவுக்குப் போனால் பதில் கிடைக்கும். சக்ராதா ஃபமீலியா கோயிலில், இயேசுவின் பிறப்பைக் காட்டும் முகப்பு, அதை வடிவமைத்த கட்டடக் கலைஞர் கௌதியின் காலத்தது. அதில் விட்டுப்போன சிற்பங்களைச் செய்தவர் எத்சுரோ சோதோ என்ற ஜப்பானியர். 1978-இல் ஐரோப்பாவைச் சுற்றிப் பார்க்க வந்தவர், கற்குவியலைப் பார்த்து அங்கேயே வேலை கேட்டுத் தங்கிவிட்டார், பிறகு கத்தோலிக்கரானார். இசைக்கருவி வாசிக்கும் தேவதைகள் அவர் கைவேலை. கௌதியின் சிற்பத்தோடு ஒட்டிப் போகிறது என்று பெரும்பாலும் எல்லோரும் ஏற்றுக்கொண்டார்கள்.

திட்டு வாங்கியவர் உள்ளூர்க்காரர்! சிலுவையில் இயேசு பட்ட துன்பங்களைக் காட்டும் பாடுகளின் முகப்பைச் செய்த ஜோசப் மரியா சுபிராக்ஸ் அசல் பார்சிலோனாக்காரர். 1986-இல் வேலையை ஒப்புக்கொண்டபோது கௌதியைப் போலச் செய்யமாட்டேன், என் வழியில்தான் செய்வேன் என்றார். எலும்பும் முனையுமான உடல்கள், கூரான கன்னங்கள், முழு நிர்வாணமான கிறிஸ்து. 1990-இல் எதிர்ப்பு ஊர்வலமே நடந்தது. நெருங்கிப் பார்த்தால் கௌதிக்கு மரியாதை ஒளிந்திருக்கிறது. ரோமப் போர்வீரர்களின் தலைக்கவசம், கௌதி கட்டிய மிலா வீட்டின் புகைபோக்கி வடிவம்; ஒரு நற்செய்தியாளரின் முகம் கௌதியுடையது. எந்தப் பக்கம் கூட்டினாலும் 33 வரும் எண்கட்டத்தின் முன்தான் பயணிகள் கூட்டம்.

கல்லும் இப்போது உள்ளூர் அல்ல. ஆரம்பத்தில் நகரத்தின் மொன்ஜுயிக் குன்றுக் கல். அந்தக் குவாரி மூடிய பிறகு, நிறமும் வலிமையும் பொருந்தும் கல்லைத் தேடி இங்கிலாந்தின் லங்காஷயர் வரை போனார்கள். கத்தலான் அடையாளம் என்று உலகமே கொண்டாடும் கோயிலில் ஆங்கிலேயக் கல், ஜப்பானிய உளி.

பிக்காசோவுக்கும் பழைய கல் சிற்பங்களுக்கும் தொடர்பு உண்டா?

நேரடியாகவே உண்டு. ரோமானியருக்கு முன் ஸ்பெயினில் வாழ்ந்த ஐபீரியர்கள் என்ற பழங்குடிகள் சுண்ணாம்புக்கல்லில் செய்த தலைகள் பாரிசின் லூவ்ர் அருங்காட்சியகத்தில் இருந்தன. அங்கிருந்து திருடிய இரண்டை 1907-இல் பிக்காசோ வாங்கினார். அந்த வருடம் அவர் வரைந்த ‘அவிஞோன் பெண்கள்’ என்ற புகழ்பெற்ற ஓவியத்துப் பெண்களின் காதும் கண்ணும் அந்தத் தலைகளின் சாயல். 1911-இல் மோனலிசா காணாமல் போனபோது போலீஸ் பயத்தில் கற்கள் திருப்பிக் கொடுக்கப்பட்டன.

‘எல்சே சீமாட்டி’ கதையும் லூவ்ர் கதைதான். 1897-இல் எல்சே ஊரில் தோண்டும்போது கிடைத்த மார்பளவுச் சிலை, சில வாரங்களிலேயே பாரிசுக்கு விற்கப்பட்டு 1941-இல்தான் திரும்பியது. இப்போது மாட்ரிட் தேசியத் தொல்லியல் அருங்காட்சியகத்தில். எல்சேக்காரர்கள் எங்கள் ஊருக்குத் தாருங்கள் என்கிறார்கள். 2006-இல் சில மாதங்கள் இரவலாகப் போனது.

பெண்கள் யாரும் இல்லையா?

சான் செபாஸ்தியானில் 1956-இல் பிறந்த கிறிஸ்தீனா இக்லேசியாஸைச் சொல்லலாம். அலபாஸ்டர் தகடுகளைக் கூரைபோலச் சாய்த்து, அடியில் நிற்பவர் மேல் தேன் நிற வெளிச்சம் விழும்படி செய்தவர். கல்லோடு மட்டும் நிற்பவர் அல்ல. 2021-இல் சான் செபாஸ்தியானின் சாந்தா கிளாரா தீவுக் கலங்கரை விளக்கத்துக்குள் அவர் செய்த வேலை வெண்கலம்; அதிலும் பாறை அடுக்குகளைத்தான் வார்த்திருக்கிறார்.

இன்னும் உளியால்தான் செதுக்குகிறார்களா?

குவாரியில் வைரக்கம்பி வெட்டுகிறது, பட்டறையில் காற்றழுத்தச் சுத்தியல், பெரிய வேலைகளுக்குக் கணினி இயந்திரம். கடைசிப் பொளிவேலை மட்டும் கையில். கிரானைட்டைப் பளபளப்பாக்குவதா, பொளிந்து சொரசொரப்பாக விடுவதா என்பதில்தான் சிற்பியின் குணம் தெரியும்.

முதல் தடவை போகிறவர்கள் எங்கே தொடங்கலாம்? தொட்டுப் பார்க்க விடுவார்களா?

சான் செபாஸ்தியானில் தங்குங்கள். எர்னானியில் சில்லிடாவின் புல்வெளி அருங்காட்சியகம் பக்கம். 2000-இல் திறந்து, 2011-இல் மூடி, 2019-இல் மறுபடி திறந்தது. போகும் முன் நேரம் பார்த்துக்கொள்ளுங்கள். அரான்சாசுவுக்கு ஒரு முழு நாள் ஒதுக்குங்கள், அந்த மலையில் மழைச்சட்டை இல்லாமல் போக வேண்டாம். ஒதெய்சாவின் அருங்காட்சியகம் பாம்ப்லோனாவுக்கு அருகே அல்சுசாவில் இருக்கிறது.

அருங்காட்சியகங்களில் தொடுவதைப் பற்றி அங்கேயே கேட்டுக்கொள்ளுங்கள். லா கொருஞா நெடுங்கற்களுக்கு வேலியும் இல்லை, சீட்டும் இல்லை. ஜன்னலில் தலையை நுழைத்துக் கடலைப் பார்க்கலாம். காற்று பலமாக அடிக்கும், தொப்பியைக் கையில் பிடித்துக்கொள்ளுங்கள்.